மங்கிய விழி மீண்டும் தெளியும்
(கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்ட மக்கள் கூட்டங்களில் நிகழ்த்திய உரை)



பால்வெட்டுத் தொழிலுக்குக் கை எவ்வளவு தேவையோ அவ்வளவு கண்ணும் தேவை. உளி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை விடியற்காலை மங்கலில் கண்டறிவது கண்தான். ஆகவே, கண்ணைப் பற்றிப் பேசுவது நம் மக்களின் பிழைப்பைப் பற்றிப் பேசுவதே ஆகும். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள், மற்றொருவரிடமிருந்து பெற்றுப் பொருத்திய விழிப்படலத்தை நம் உடல் சில வேளைகளில் ஏற்க மறுப்பது ஏன் என்பதும், அவ்வாறு மங்கிய படலம் மீண்டும் தெளிவடைவது எப்படி என்பதும் ஆகும்.

முதலில் நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். பெயரும் ஊரும் வேண்டா. வட சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றில் பால்வெட்டி, பின்னர்ப் பால் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஸ்டோரில் வேலை செய்த நாளில், ரப்பர்ப் பால் உறையாமலிருக்கக் கலக்கும் அமோனியா அவருடைய வலக் கண்ணில் தெறித்துவிட்டது. கண் வெண்மை பூத்துப் பார்வை போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் பெரிய மருத்துவமனையில், இறந்துபோன ஒருவர் அளித்த விழிப்படலத்தை அவருக்குப் பொருத்தினார்கள். அந்தக் கண்ணால் அவர் மீண்டும் செய்தித்தாள் படித்தார்.

இரண்டாண்டு கழித்து ஒரு காலையில் அந்தக் கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. விளக்கைச் சுற்றிப் புகை படர்ந்தாற்போல் தெரிந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, “இரவல் கண் எத்தனை நாளைக்கு ஒட்டும்? போனது போனதுதான்” என்று ஆறுதல் கூறினர். பெரியவரும் மனத்தைத் தேற்றிக்கொண்டு, கடையில் வாங்கிய ஏதோ ஒரு சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மூன்றாம் நாள், இடைநிலைப்பள்ளியில் பயிலும் பேத்தி, மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளைத் தற்செயலாக எடுத்துப் படித்தாள். “கண் சிவந்தாலோ, கூசினாலோ, மங்கினாலோ, வலித்தாலோ அன்றே வரவும்” என்று அதில் எழுதியிருந்தது. அன்று மாலையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, “உங்கள் உடல் இந்தப் படலத்தை எதிர்க்கிறது. ஆனால், கண் போய்விடவில்லை. இன்னும் காப்பாற்றலாம்” என்றார்.

தோழர்களே! “போனது போனதுதான்” என்பதும் “இன்னும் காப்பாற்றலாம்” என்பதும் ஒரே கண்ணைப் பற்றிச் சொல்லப்பட்டவையே. இவற்றுள் எது உண்மை என்பதை உணர, விழிப்படலம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் தெளிவான மூடி ஒன்று இருக்கிறது. மருத்துவர் இதனைக் கார்னியா என்பர். நாம் விழிப்படலம் என்போம். இதன் அகலம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. கண்ணீரும், கண்ணுக்குள் ஊறும் நீரும் இதற்கு ஊட்டமளிக்கின்றன. இரத்தக் குழாய் இல்லாமையால்தான் இது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது.

எந்நேரமும் நீரை ஒட்டியிருக்கும் இப்படலம் ஊறிப் பருத்து வெளுக்காமல் இருப்பது எங்ஙனம்? நம் வட்டாரத்துக் கடலோரத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் தாண்டிச் சபாக் பெர்ணம் வரை நிலம் தாழ்வானது. கரை கட்டி, கால்வாய் வெட்டி, மதகு அமைத்து நீரை வெளியேற்றுவதால்தான் அங்கே பயிர் நிற்கிறது. மதகு பழுதுபட்டால் நிலத்தில் நீர் தேங்கும், வேர் அழுகும். விழிப்படலத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அதன் உட்புறத்தில் ஒரே வரிசையாகப் பரவியுள்ள நுண்ணிய உயிரணுக்கள், படலத்துக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த மனிதரிடம் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் 2,500 அளவில் இவ்வணுக்கள் இருக்கும். இவை வேலை செய்யும்வரை படலம் தெளிவாக இருக்கும். வேலை நின்றால் நீர் ஊறி, படலம் பனிபடர்ந்த கண்ணாடிபோல் ஆகிவிடும்.

இங்கு ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கையில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. ஆனால், மனிதர் கண்ணில் இவ்வணுக்கள் இறந்தால், அவற்றின் இடத்தில் புதியவை பிறப்பதில்லை. எஞ்சியவை விரிந்து பரந்து, இறந்தவற்றின் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கின்றன. ஆள் குறைந்த தோட்டத்தில் இருப்பவர்களே கூடுதல் நிரை எடுத்து வெட்டுவதைப் போன்றது இது. ஓரளவுக்குத்தான் இப்படிச் சமாளிக்க முடியும். அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டால் தெளிவு திரும்பாது.

விழிப்படலத்தை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை நேற்று வந்ததன்று. இன்று செக் நாட்டில் ஓலமோட்ஸ் என வழங்கும் ஊரில், 1905 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள், எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் இதனை முதன்முதலாக மனிதரிடம் வெற்றியுடன் செய்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர் செல்வந்தர் அல்லர். சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளி. இரும்புத் துண்டு பாய்ந்து பயனற்றுப்போனதால் அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து படலம் எடுக்கப்பட்டது. தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தியதில் ஒன்று பயன் தரவில்லை. மற்றொன்று தெளிவாக நின்றது. அவர் மீண்டும் வேலைக்குப் போனார்.

நம் முன்னோர் கப்பலேறிய தமிழகத்திலும் இப்பணி முன்னரே தொடங்கிவிட்டது. 1819 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில், 1945 ஆம் ஆண்டு மருத்துவர் ஆர். இ. எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியை அமைத்தார். அந்நாட்டில் முதன்முதலாக விழிப்படலம் மாற்றியவரும் அவரே. அது 1948 ஆம் ஆண்டில் நடந்தது.

இத்தகைய சிகிச்சைகள் பெருகப் பெருக, மருத்துவர்களை ஒரு புதிர் வாட்டியது. நன்றாகப் பொருந்தித் தெளிவாக இருந்த படலம், சில வாரங்களோ சில ஆண்டுகளோ கழித்துத் திடீரென மங்கிவிடும். பிரான்சு நாட்டு மருத்துவர் பொஃபீக்கும் அவருடைய தோழர்களும் 1948 ஆம் ஆண்டில் இதனை ‘ஒட்டின் நோய்’ என்று குறிப்பிட்டனர். 1951 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மாமனி, இதன் காரணத்தை முயல்களைக் கொண்டு விளக்கினார். ஒரு முயலின் விழிப்படலத்தை மற்றொரு முயலுக்குப் பொருத்தினார். அது தெளிவாக இருந்தது. பின்னர், படலம் கொடுத்த அதே முயலின் தோலையும் பெற்றுக்கொண்ட முயலின்மேல் ஒட்டினார். தோலின் வாயிலாக அந்நியப் பொருளை அடையாளம் கண்டுகொண்ட உடல், அதுகாறும் அமைதியாக விட்டுவைத்திருந்த விழிப்படலத்தையும் தாக்கி மங்கச் செய்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் காவலர்களைப்போல் சுற்றி வருகின்றன. அந்நியமான கிருமியையும் பொருளையும் கண்டால் எதிர்த்து அழிப்பது அவற்றின் கடமை. இரத்தக் குழாய் இல்லாத விழிப்படலத்துக்குள் அவை எளிதில் வருவதில்லை. அதனால்தான் மற்றொருவரின் படலம் பெரும்பாலும் தொல்லையின்றி நிலைக்கிறது. இரத்தக் குழாய் படராத கண்ணில் முதன்முறையாகப் பொருத்திய படலங்களுள் பத்துக்கு ஒன்பது, முதலாண்டு முடிவில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால், அமோனியாவோ சுண்ணாம்போ பட்டு வெந்த கண்ணில், முன்பு ஒருமுறை பொருத்திப் பழுதான கண்ணில், இரத்தக் குழாய்கள் படலத்துக்குள் வளர்ந்திருக்கும். காவலர் வருவதற்குப் பாதை போட்டுக் கொடுத்ததுபோல் அது ஆகிவிடும். அத்தகையோர் இரு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தையல் நூல் தளர்ந்து உறுத்துவது, கண்ணில் கிருமி தொற்றுவது, கண்ணில் அடிபடுவது, மருத்துவரைக் கேளாமல் சொட்டு மருந்தை நிறுத்துவது ஆகியனவும் இக்காவலர்களைத் தட்டி எழுப்பும். அவர்கள் நல்ல எண்ணத்துடன்தான் வருகிறார்கள். வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. உடல் இவ்வாறு ஏற்க மறுப்பதையே நிராகரிப்பு என்கிறோம். இது தெய்வக் குற்றமன்று. கண் தந்தவரின் ஆவி தன் பொருளைத் திருப்பிக் கேட்பதுமன்று.

இத்தாக்குதல் எவ்வாறு பரவுகிறது என்பதை 1969 ஆம் ஆண்டில் கொதாதூஸ்த், சில்வர்ஸ்டீன் என்னும் இருவர் விளக்கிக் காட்டினர். படலத்தின் உட்புறத்தில், பெரும்பாலும் இரத்தக் குழாய்கள் நெருங்கியுள்ள ஓரத்திலிருந்து, ஒரு மெல்லிய கோடு தோன்றும். லாலாங் காட்டில் தீ முன்னேறுவதுபோல் அக்கோடு நாளுக்கு நாள் நகரும். கோடு கடந்து வந்த பகுதி மங்கியிருக்கும்; இன்னும் எட்டாத பகுதி தெளிவாக இருக்கும். அக்கோட்டுக்குக் கொதாதூஸ்த் கோடு என்றே பெயர். மருத்துவர் கருவியின் வழியாகத் தேடுவது இதனைத்தான். கோடு பாதி வழியில் இருக்கும்போதே நிறுத்திவிட்டால், மறுபாதி அணுக்கள் பிழைத்துக்கொள்ளும்.

நிறுத்துவது எப்படி? காவலர்களின் வேகத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு என்னும் மருந்து இதற்குப் பயன்படுகிறது. தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை கண்ணில் விட வேண்டியிருக்கும். சிலருக்கு ஊசியோ மாத்திரையோ கூடத் தேவைப்படலாம். தாக்குதல் ஓய்ந்ததும், இறவாமல் சோர்ந்து கிடந்த அணுக்கள் மீண்டும் வேலையைத் தொடங்கும். இறந்தவற்றின் இடத்தை மற்றவை விரிந்து நிரப்பும். தேங்கிய நீர் வடியும். சில வாரங்களில் படலம் தெளியும். காலம் தாழ்த்தாமல் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இவ்வாறு பார்வை திரும்புகிறது. மங்கலாகத் தெரியும் கண் எல்லாம் போன கண் அன்று என்று நாம் கூறுவது இதனால்தான். அப்படியே தெளியாவிட்டாலும், மற்றொரு படலம் பொருத்தும் வாய்ப்பும் பலருக்கு உண்டு.

ஆயினும், “எப்படியும் தெளிந்துவிடும், மெல்லப் பார்க்கலாம்” என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு தாக்குதலும் சில அணுக்களைக் கொன்றுவிட்டே ஓய்கிறது. இன்றைய தெளிவு அணுக்களின் கையிருப்பைக் கொண்டு வாங்கிய தெளிவு. கையிருப்பு கரைந்தால் அடுத்த முறை வாங்குவதற்கு ஒன்றுமிராது.

இனி, விழிப்படலம் பொருத்திக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, நான்கு அறிகுறிகளை நினைவில் வையுங்கள்: சிவத்தல், கூசுதல், மங்குதல், வலித்தல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சம்பள நாள் வரட்டும், பிள்ளைக்கு ஓய்வு நாள் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டா. அறுவை சிகிச்சை நடந்து பத்தாண்டு ஆகியிருந்தாலும் இதே விதிதான். கிள்ளான், சுங்கை பூலோ, செலாயாங், கோலாலம்பூர் ஆகிய இடங்களிலுள்ள பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் கண் பிரிவுகள் உள்ளன. பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ இருப்பவர்கள், முதலில் அருகிலுள்ள கிளினிக்குக்குச் சென்றாலும், “இது மாற்றுப் படலம் பொருத்திய கண்” என்பதை முதற்சொல்லாகக் கூறுங்கள். வெறும் கண்வலி என்று எண்ணி மருந்து கொடுத்து அனுப்பிவிட இடமளிக்காதீர்கள்.

இரண்டாவது, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, நல்ல கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, சுவரிலுள்ள நாட்காட்டியைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரிகிறதா? இரு கண்களையும் திறந்து பார்த்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

மூன்றாவது, மருத்துவர் கூறும்வரை சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். கண் நன்றாகத் தெரிகிறதே என்று நிறுத்தியவர்கள் பலர் வருந்தியுள்ளனர். அதே வேளையில், ஸ்டீராய்டு மருந்தைத் தாமே கடையில் வாங்கியும் விடக் கூடாது. கண்காணிப்பின்றி நெடுநாள் விட்டால் கண்ணுள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம். இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றையும் கண்ணில் விடலாகாது.

நான்காவது, தைத்த இடம் பழைய வலிமையை முழுமையாகப் பெறுவதில்லை. கண்ணைக் கசக்காதீர்கள். எந்த வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். வேலைக்குத் திரும்பும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

வருமுன் காப்பதைப் பற்றியும் இரண்டு சொல் கூற வேண்டும். அமோனியா கண்ணில் பட்டால் சில நிமிடங்களிலேயே படலத்தை ஊடுருவி உள்ளே போய்விடும். பார்மிக் அமிலமும் கொடியதே. தெறித்த அந்தக் கணமே, அருகிலுள்ள நல்ல நீரால், இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். மருத்துவ உதவியாளரிடம் ஓடுவது அதன் பின்னரே. ஒன்றுக்கு மாற்று என்று வேறு எதையும் ஊற்ற வேண்டா; நீரே மருந்து. பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. மேலிருந்து விழும் தூசியும் மட்டை முள்ளும் கண்ணில் கீறினால், அப்புண்ணில் காளான் வகைக் கிருமி புகுந்து படலத்தையே அழித்துவிடக்கூடும். குலை வெட்டும்போது கண்ணாடி அணிவது அச்சமன்று, அறிவு.

இறுதியாக, பொருத்துவதற்குப் படலம் எங்கிருந்து வருகிறது?  பெரும்பாலும் மனிதர் மனிதருக்குத் தந்தால்தான் உண்டு. இலங்கையில் மருத்துவர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் கண்தானச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1964 ஆம் ஆண்டில் அவர் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்களை அனுப்பியபோது, சூடு காக்கும் தேநீர்க் குடுவையில் பனிக்கட்டி இட்டு அனுப்பினார். அதன் பின் அச்சிறிய தீவின் கண்கள் பல நாடுகளுக்கு ஒளி கொடுத்தன. நம் மலேசிய நாட்டு நோயாளிகளும் அதனால் பயனடைந்துள்ளனர். பிறர் நமக்குத் தந்தார்கள். நாம் நம்மவருக்குத் தர வேண்டாமா?

நம் நாட்டில் 1974 ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இக்கொடைக்கு வழி வகுத்தது. உறுப்புக் கொடைப் பணிகளை ஒருங்கிணைக்கத் தேசிய உறுப்பு மாற்று மூலவள மையம் 1997 ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவமனையில் அமைந்தது. உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டியிருப்பதால், உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முகம் விகாரப்படாது, இறுதிச் சடங்கும் தடைப்படாது. முதியவர் கண்ணும், மூக்குக் கண்ணாடி போட்டவர் கண்ணும் பயன்படக்கூடும். கொடுத்தவர் எந்த இனம், எந்த மதம் என்று படலம் பார்ப்பதில்லை.

தொடக்கத்தில் கூறிய பெரியவரிடம் திரும்புவோம். மணிக்கு ஒருமுறை மருந்து விட, வீட்டார் முறை வைத்துக்கொண்டு விழித்திருந்தனர். ஆறு வாரத்தில் நாட்காட்டியின் பெரிய எண் தெரிந்தது. பின்னர்ச் சிறிய எழுத்தும் தெரிந்தது. ஆயினும், அணுக்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டன என்று மருத்துவர் எச்சரித்தார். “வீட்டில் படுத்திருந்த அந்த மூன்று நாளுக்கு நான் கொடுத்த விலை அது” என்று பெரியவர் நம்மிடம் கூறினார். இப்போது அந்த மருத்துவமனைத் தாளை நாட்காட்டியின் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ விழிப்படலம் பொருத்தியவர் இருந்து, அவருடைய கண் சிவந்திருக்கக் கண்டால், “போனது போனதுதான்” என்று ஆறுதல் கூறாதீர்கள். “இன்றே புறப்படுங்கள், நானும் உடன் வருகிறேன்” என்று கூறுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் செய்யும் பேருதவியாகும்.